தன் பிள்ளையைத் தானே தூக்கிய படகோட்டி

சாக்ஸன் நாட்டில், வேசர் ஆற்றின் மேற்குக் கரையில், ஓட்டர்பெக் என்ற எங்கள் ஊரில், தம்மோ என்று ஒரு படகோட்டி இருந்தான். ராஜ்யத்துக்கும் திருச்சபைக்கும் எதிராக அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஜெபத்தைத் தப்பில்லாமல் மனப்பாடம் செய்தான்.

தெற்கேயிருந்து ராஜா வந்தபோது தம்மோவுக்கு இருபது வயது. அதுவரை எங்களுக்கு ராஜா என்று யாரும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை கூடுவோம், தொண்டை கட்டும்வரை கத்துவோம், பீர் தீர்ந்ததும் கலைந்துபோவோம். ஆட்சி என்றால் அவ்வளவுதான். இவ்வளவு பெரிய ஜனக்கூட்டம் ராஜா இல்லாமல் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் படையோடு வந்தார். எங்கள் குறையைத் தீர்க்க முப்பது வருஷம் மெனக்கெட்டார். எங்களில் பாதிப் பேர் தீர்ந்த பிறகு குறையும் தீர்ந்தது.

தம்மோ ஞானஸ்நானம் பெற்றதும் அப்போதுதான். ஆற்றுத்துறையில் ஆயிரம் பேரை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஈட்டி. அன்று ஜனங்கள் மனம் திரும்பினார்கள் என்று சாமியார்கள் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மனத்தைப் பற்றி நமக்குத் தெரியாது. உடம்பு மொத்தமும் ஆற்றுப் பக்கம் திரும்பியது மட்டும் நிஜம். பழைய சாமிகள் மூன்று பேரையும் பெயர் சொல்லித் தள்ளிவைக்கச் சொன்னார்கள், தள்ளிவைத்தான். ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்து எட்டு நாள் கழற்றாதே என்றார்கள், கழற்றவில்லை. அவன் அதுவரை போட்டதிலேயே நல்ல சட்டை அது.

பிறகு ஹதுவியைக் கட்டினான். விலாங்கு மீனைப் புகை போடுவதில் அவளுக்கு ஈடு இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது. வாயும் அப்படித்தான். அவள் அண்ணன் சீகோ கையைப் பிடித்துக் கொடுத்தபோதே சொன்னான்: "மச்சான், திருப்பி அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிடு. எங்க வீட்ல இப்பத்தான் காது ஆற ஆரம்பிச்சிருக்கு."

தம்மோ திருப்பி அனுப்பவில்லை. பதினோரு வருஷம் அவள் பேசினாள், அவன் கேட்டான். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. முதல் இரண்டு பிள்ளைகள் மூச்சில்லாமல் பிறந்தன. இரண்டையும் ஊருக்கு மேற்கே, பாட்டன் பூட்டன் கிடக்கும் பழைய மேட்டில் புதைத்தார்கள். மூன்றாவதாகப் பிறந்தவள் ஆவா. பிறந்த உடனே அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, "எங்கம்மா மாதிரியே கத்துறா" என்று ஹதுவி சிரித்தாள். "உங்கம்மா மாதிரியா?" என்றான் தம்மோ, மெதுவாக.

இனி, அவன் ஜெபம் கற்ற கதை. எங்கள் கோயிலுக்கு ராஜா அனுப்பிய சாமியார் மதல்வின். நல்ல மனுஷர். கண் சரியாகத் தெரியாது, தண்ணீர் என்றால் நடுங்குவார். அப்படிப்பட்டவருக்கு ஆற்றின் இரு கரையிலும் ஊழியம் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை தம்மோவின் படகில் ஏறுவார். ஏறினதும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல மந்திரத்தையும் எங்கள் பாஷையிலேயே உரக்கச் சொல்ல ஆரம்பித்தால் கரை தட்டும்வரை நிறுத்தமாட்டார். வெள்ளக் காலத்தில் நாலு தடவை சொல்வார். ஆறேழு வருஷம் அதைக் கேட்டுக்கேட்டு, ஒரு வரிக்கு ஒரு துடுப்பு என்று தம்மோவின் தோளில் அது ஏறிவிட்டது. அர்த்தம் புரிந்ததா என்றால், சாமியாருக்கே நடு ஆற்றில் அர்த்தம் ஓடியிருக்காது.

இதற்கிடையில் ராஜா ஒரு சட்டம் போட்டார். பிறந்த ஒரு வருஷத்துக்குள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும். தண்ணீரிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற ஞானத்தகப்பனுக்கு இந்த இரண்டு ஜெபமும் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தால் ஊரே திணறியது. சண்டையில் செத்தவன் பெயரையெல்லாம் ஒன்பது தலைமுறைக்கு ஒப்பிக்கிற எங்கள் ஆட்கள், "நம்புகிறேன்" என்ற முதல் சொல்லைத் தாண்டியதும் முழித்தார்கள்.

ஆவாவுக்கு ஞானத்தகப்பன் சீகோ என்று பேசி முடித்திருந்தார்கள். படகில் உட்காரவைத்து தம்மோதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பாதி ஏறியது. மீதி ஏறுவதற்குள், கிழக்கே ஸ்லாவியரோடு சண்டை, வீட்டுக்கு ஒரு ஆள் வா என்று ஓலை வந்து, சீகோ ஈட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பங்குனியில், எட்டு மாசப் பிள்ளைக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் மூச்சு இழுத்தது. கடவுள் புண்ணியத்தில் சாமியார் அன்று இக்கரையில் இருந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஹதுவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். ஊர் பின்னால் ஓடியது. மரத்தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்கள்.

"ஞானத்தகப்பன் யாரு?" என்றார் மதல்வின்.

"எங்கண்ணன் சாமி. ராஜாவோட சண்டைக்குப் போயிருக்கு."

"வேற யாருக்கு ஜெபம் தெரியும்?"

கூட்டம் தன் செருப்பைப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் போப்போ, நல்லவன், பன்றி மேய்ப்பவன், தொண்டையைக் கனைத்தான். "எனக்குப் பாதி தெரியும் சாமி."

"எந்தப் பாதி?"

"மேல் பாதி."

"கீழ் பாதியிலதானேடா மோட்சம் இருக்கு!" என்றார் சாமியார்.

பிள்ளையின் மூச்சு அறுபட்டு அறுபட்டு வந்தது. "யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்யா!" என்று ஹதுவி அலறினாள்.

"சாமி, எனக்குத் தெரியும்" என்றான் தம்மோ.

"சொல்லு."

சொன்னான். துடுப்புப் போடுகிற தாளத்திலேயே, ஒரு இடத்திலும் தட்டாமல், இரண்டையும் சொல்லி முடித்தான். மதல்வினின் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் பதினோரு வருஷம் பாடுபட்ட மனுஷர், முதல்முறையாக ஒரு சாக்ஸன் வாயிலிருந்து ஜெபம் முழுசாக வெளியே வருவதைக் கேட்கிறார். அந்தச் சந்தோஷத்தில், எப்போதோ ஒரு சபைக்கூட்டத்தில் வாசிக்கக் கேட்ட ஒரு விதி அவருக்கு மறந்துபோனது. "தூக்குடா மகனே!" என்றார்.

தம்மோ தூக்கினான். தண்ணீர் பட்டதும் ஆவா வீறிட்டுக் கத்தினாள். கூட்டம் சிரித்து அழுதது. அவளுக்கும் ஒரு வெள்ளைச் சட்டை போட்டார்கள். எட்டு நாள் போட வேண்டிய சட்டை. மூன்று நாள் போட்டாள்.

கோயிலை ஒட்டிப் புதிதாக எல்லை கட்டிய பூமியில் அவளைப் புதைத்தார்கள். ஹதுவிக்குப் பேச்சு நின்றுபோயிற்று. பத்து நாள் கழித்து, படகில் ஏற வந்த சாமியாரை வழிமறித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பிள்ளை நல்ல இடத்துலதான் இருக்காளா சாமி?"

"நேரா மோட்சந்தான்மா. சந்தேகமே இல்ல. வெள்ளைச் சட்டையோட தேவதைங்க நடுவுல நிக்குறா."

"முதல் ரெண்டு?"

மதல்வின் ஆற்றைப் பார்த்தார். தண்ணீருக்குப் பயந்தவர் அவ்வளவு நேரம் தண்ணீரைப் பார்த்தது அன்றுதான்.

அன்றிலிருந்து ஹதுவி மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். மூன்றில் ஒன்றாவது கரையேறிவிட்டது என்ற ஒரு நினைப்பில் அவள் எழுந்து அடுப்பு மூட்டினாள்.

அறுப்பு முடிந்த சமயம் ஆயரின் தூதர் விசாரணைக்கு வந்தார். கோயிலுக்குக் கூரை ஒழுகுகிறதா, சாமியார் குடிக்கிறாரா, ஜனங்கள் மரத்தைக் கும்பிடுகிறார்களா என்று முப்பத்தாறு கேள்வி கொண்டுவந்திருந்தார். பத்தொன்பதாவது கேள்வி: ஞானத்தகப்பன்மாருக்கு ஜெபம் தெரியுமா? மதல்வினுக்கு முகம் மலர்ந்தது. கூரை ஒழுகிய கோயிலில் அவர் காட்டுவதற்கு இருந்த ஒரே பொக்கிஷம் அதுதான். "என் படகோட்டியக் கேளுங்க!" என்றார்.

தம்மோவை அழைத்தார்கள். ஒப்பித்தான். தூதர் பேனா இறகை மையில் தோய்த்து, மிகுந்த திருப்தியோடு கேட்டார்: "ரொம்ப நல்லது. யாருடைய பிள்ளையைத் தூக்கினாய்?"

"என் பிள்ளையத்தான் சாமி" என்றான் தம்மோ, பெருமையாக.

இறகு அப்படியே நின்றது.

தூதர் விளக்கினார். பொறுமையாகத்தான் விளக்கினார், பாவம், அவருக்கும் இது வேலை. தண்ணீரிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்குகிறவன், அதைப் பெற்றவளுக்கு ஆவிக்குரிய சகோதரன் ஆகிறான். ரத்த உறவைவிடப் பெரிய உறவு அது. தம்மோ தூக்கினான். ஆகவே ஹதுவி அவனுக்குச் சகோதரி. சகோதரியோடு ஒரே கூரைக்குக் கீழே, ஒரே படுக்கையில்... தூதர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். இருவரும் பிரிந்தாக வேண்டும் என்றார்.

"பிள்ளை செத்துப்போச்சே சாமி" என்றான் தம்மோ.

"பிள்ளை சாகலாம். உறவு சாகாது."

ஹதுவிக்குப் பழைய வாய் திரும்பியது. "பெத்தப்ப புருஷன், தூக்கினப்ப அண்ணனா? அப்ப யாரும் தூக்காம விட்டிருக்கணும்? மூச்சு இழுத்துட்டிருந்துச்சுய்யா பிள்ளைக்கு! ஸ்லாவியன் ஊர்ல இருந்த எங்கண்ணனைக் கூப்பிட்டு வர உங்க ராஜா குதிரை குடுத்தாரா?"

இதற்குப் பதில் முப்பத்தாறு கேள்வியில் இல்லை. யோசிக்க இரண்டு நாள் தந்துவிட்டு, தூதர் அந்த வட்டாரத்து எசிகோ பிரபுவின் மாளிகைக்குச் சாப்பிடப் போனார். அங்கே பிரபுவின் மனைவியும், மனைவியின் தங்கையும், தங்கைக்குப் பிரபு ஜாடையில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மேஜையில் பரிமாறினார்கள். மான் இறைச்சி மென்மையாக இருந்தது என்று கேள்வி. உறவுமுறை விசாரிக்க அவகாசம் இல்லை.

ஓட்டர்பெக்கில் பன்னிரண்டு ஆண்கள் போப்போவின் பன்றிக்கொட்டகையில் கூடினார்கள். எங்கள் வழக்கப்படி பன்னிரண்டு பேர் ஒருவனுக்காக ஈட்டிமேல் கை வைத்துச் சத்தியம் செய்தால், நடந்தது நடக்காததாகிவிடும். புதிய ராஜ்யமும் அந்த வழக்கத்தை வைத்திருந்தது. அவர்களுக்கும் அது தேவைப்பட்டது.

"தூக்கினது நான்னு சொல்லிடறேன்" என்றான் போப்போ. "நீங்க பதினோரு பேரும் ஆமான்னு சத்தியம் பண்ணுங்க. மதல்வின் சாமிக்குத்தான் கண்ணு தெரியாதே."

"பொய்ச் சத்தியம் பண்ணா நரகம்ங்குறாங்களேடா" என்றான் ஒருவன்.

"நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் அங்கதான் இருக்காங்களாம். தெரியாத ஊரா?"

தம்மோவுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஹதுவியிடம் சொன்னான். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "போப்போவா? அவன் தூக்கினா பன்றிக்குட்டி மாதிரி தலைகீழால்ல தூக்கியிருப்பான்." ஆறு மாதத்தில் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் கோயிலில் தூதர் உட்கார்ந்தார். போப்போ முன்னால் வந்து, தூக்கினது தான்தான் என்று கணீரென்று சொன்னான். பதினோரு பேர் ஈட்டிமேல் கை வைக்கத் தயாராக நின்றார்கள். மதல்வின் ஓரமாக நின்று ஒன்றும் பேசவில்லை. கண் தெரியாதவர் என்ற பெயர் அன்று அவருக்கு உதவியது.

"அப்படியா? நல்லது" என்றார் தூதர். "ஜெபத்தைச் சொல்."

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. போப்போவுக்கு வேர்த்தது. மேல் பாதியைச் சொன்னான். சொன்னதையே மறுபடி சொன்னான். "அப்புறம்... அப்புறம் ஆண்டவரை அடக்கம் பண்ணாங்க... அப்புறம் கீழ இறங்கினாரு... கீழ இறங்கி..."

"இறங்கி?"

"இன்னும் கீழதான் சாமி இருக்காரு" என்றான் போப்போ, அழுகிற குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. தூதர் பெருமூச்சு விட்டார். ஜெபம் தெரியாதவன் தூக்கியிருந்தால் அது முறையான தூக்குதல் ஆகாது என்றார். முறையான ஞானத்தகப்பன் இல்லை என்றால் ஞானஸ்நானம் நடந்ததா என்பதே சந்தேகம். சந்தேகத்துக்குரிய உடலைப் புனித பூமியில் வைத்திருக்க முடியாது. தோண்டி எடுத்து, எல்லைக்கு வெளியே, பழைய மேட்டில் போடவேண்டும். "அவ்வளவுதான். தம்பதிகள் சேர்ந்தே இருக்கலாம். நானும் மகிழ்ச்சியாகப் போவேன். இவன்தான் தூக்கினான் என்று நீங்கள் சத்தியம் செய்யுங்கள்."

பதினோரு பேரும் தம்மோவைப் பார்த்தார்கள்.

தம்மோ கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. அந்தச் சின்ன எலும்புக்கு மேடும் ஒன்றுதான், கோயிலும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டு பிள்ளைகள் அங்கே இருக்கின்றன; மூன்றாவதும் போய்ச் சேரட்டும். ஹதுவி வேண்டும். காலையில் எழுந்ததும் அவள் திட்டுகிற சத்தம் வேண்டும். "சத்தியம் பண்ணுங்கடா" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"அவர்தான் தூக்கினாரு" என்றாள் ஹதுவி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. தூதரைப் பார்த்துச் சொன்னாள். "போப்போ இல்ல. என் புருஷன்தான் தூக்கினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ரெண்டு ஜெபமும் முழுசா சொன்னாரு. ஒரு எழுத்துத் தப்பல. பிள்ளைய அங்கேயே விட்டுடுங்க."

"ஹதுவி..." என்றான் தம்மோ.

"அங்க அவ தனியா வெள்ளைச் சட்டை போட்டுட்டு நிக்குறாய்யா. இறங்கு, உன் இடம் இது இல்லன்னு யாராச்சும் சொன்னா அவ எங்க போவா? எட்டு மாசப் பிள்ளை."

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ஹதுவி அக்கரையில் புதிதாகக் கட்டியிருக்கும் கன்னியர் மடத்தில் மாடு கறந்து பிழைக்க வேண்டும். இருவரும் மறுபடி யாரையும் கட்டக்கூடாது. தனியாகச் சந்திக்கவும் பேசவும் கூடாது. அவளை அக்கரைக்கு யார் கொண்டுபோவது என்பதைத் தீர்ப்பில் எழுத மறந்துவிட்டார்கள். அந்தத் துறையில் இருந்தது ஒரே படகு.

அவள் ஒரு மூட்டையோடு ஏறினாள். தம்மோ மெதுவாகத்தான் வலித்தான், ஆனால் வேசர் அந்த இடத்தில் அவ்வளவு அகலம் கிடையாது.

"கொக்கியில தொங்குற மீனை வியாழக்கிழமைக்குள்ள இறக்கிடு. ஈரம் ஏறிடும்" என்றாள்.

"சரி."

"கறுப்புக் கோழி கூடையில முட்டை போடாது. காஞ்சொறிச் செடிக்குப் பின்னால போடும். நீ தேடவே மாட்ட."

"தேடறேன்."

"உன் கம்பளிச் சட்டையில தோள்கிட்டக் கிழிசல். தைக்கணும்னு எடுத்து வச்சேன். தைக்கல." மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "கோவமாய்யா?"

தம்மோ துடுப்பை நிறுத்தினான். படகு தானாக ஓட்டத்தோடு நகர்ந்தது. "நான் சத்தியம் பண்ணுங்கடான்னு சொல்ல வந்தேன் புள்ள."

"தெரியும். அதான் முந்திக்கிட்டேன்."

அக்கரையில் ஒரு கன்னியாஸ்திரி காத்திருந்தாள். ஹதுவி இறங்கிப் போனாள்.

பிறகு தம்மோ பத்தொன்பது வருஷம் படகு ஓட்டினான். அவன் வாழ்க்கையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சீகோ கிழக்கிலிருந்து திரும்பவில்லை. மதல்வின் சாமியார் அந்த நாளுக்குப் பிறகு படகில் ஜெபத்தை உரக்கச் சொல்வதை விட்டுவிட்டார்; பயத்தை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு நடுங்கினார். ஒருநாள் நடு ஆற்றில், "நான்தான்டா உன்னை அவருக்குக் காட்டினேன்" என்று அழுதார். "பலகையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க சாமி, இங்க இழுப்பு அதிகம்" என்றான் தம்மோ.

மடத்து மாடுகள் மத்தியானம் தண்ணீருக்கு ஆற்றில் இறங்கும். படகு அந்தக் கரையில் இருக்க நேர்ந்தால், அவள் மாட்டைத் திட்டுகிற சத்தம் கேட்கும். "தண்ணியக் கண்டா அப்படியே நின்னுடுவியா? கிழிஞ்ச சட்டையோட திரியற உனக்கு ஒரு நாளாச்சும் சொன்ன புத்தி ஏறுதா?" என்று கேட்பாள். கிழிந்த சட்டை போட்ட மாட்டைக் கன்னியாஸ்திரிகள் பார்த்ததில்லை. ஆனால் மாட்டோடு பேசக்கூடாது என்று தீர்ப்பில் இல்லாததால் ஒன்றும் செய்யமுடியவில்லை. தம்மோ தலையைக் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பான். ஒரு கயிற்றை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று பயணிகள் சலித்துக்கொள்வார்கள்.

பத்தொன்பதாவது வருஷம், ஆவணியில், தொடர்ந்து நாலு நாள் வேறொருத்தி மாடு ஓட்டிவந்தாள். ஐந்தாம் நாள் தம்மோ படகைக் கட்டிப்போட்டு, மடத்து வாசலில் போய் நின்றான். ஹதுவி முந்தின ராத்திரி இறந்துபோனாள் என்றார்கள். உடம்பு இன்னும் உள்ளே இருந்தது. மடத்து வேலைக்காரர்களுக்கு மடத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு இடம் உண்டு. உறவுக்காரர் வந்து கேட்டால் கொண்டுபோகலாம்.

வாசல் காத்த கன்னியாஸ்திரி இளையவள். பழைய கதை தெரியாது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

பத்தொன்பது வருஷமாக அவன் சொல்ல மறுத்த சொல் ஒன்று இருந்தது. ஈஸ்டருக்கு ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்தில் மதல்வின் கெஞ்சுவார்: ஒரே ஒருதரம் வாயால் ஒத்துக்கொள்ளடா, உன் ஆத்துமாவுக்கு நல்லது. தம்மோ வாயைத் திறந்ததில்லை. புருஷன் என்று இப்போது சொன்னால் பழைய தீர்ப்பு கிளம்பும், கதவைச் சாத்திவிடுவார்கள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"அண்ணன்மா" என்றான். "கூடப்பிறந்தவன் மாதிரி. ஞான உறவு."

"அப்ப எடுத்துட்டுப் போங்க" என்று அவள் கதவைத் திறந்தாள். "பாவம், வேற யாருமே வரல."

படகில் கிடத்தி இக்கரை கொண்டுவந்தான். கோயில் பூமியில், ஆவாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. மதல்வின் சாமியார் எதுவும் விசாரிக்காமல் இடத்தைக் காட்டினார். தம்மோவுக்குத் தோள் பழையபடி இல்லை; பாதிக் குழியில் மூச்சு வாங்கி நின்றான். போப்போ, அவனும் கிழவன், குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். துணியால் மூடிய உடம்பைப் பார்த்தான், தம்மோவைப் பார்த்தான்.

"என்னடா சொல்லிக் கூட்டிட்டு வந்த?"

"தங்கச்சின்னு சொன்னேன்."

போப்போ குச்சியை ஓரமாக வைத்தான். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழியில் இறங்கினான்.